நாற்பத்தெட்டு ஆவர்த்தனமும் ஓர் அடியும்

1

உண்மையைச் சொன்னால், இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் சிம்பொனி இசைக்குழு வரப்போகிற கச்சேரிகளுக்குத் துண்டுப்பிரசுரம் அடிக்கிறது. வைகாசியில் கரவெட்டி, ஆனியில் கொழும்புத்துறை, இடையில் ஐந்து பள்ளிக்கூடங்கள். பின்பக்கத்தில் ஒரு நன்றியுரை வேண்டும் என்று அற்புதராணி ரீச்சர் என்னைப் பிடித்தார். குழுவைத் தொடங்கியவரும் அவர்தான், முன்னால் நின்று நடத்துகிறவரும் அவர்தான்.

"நீர் எழுதுற ஆள்தானே. அரைப் பக்கம் காணும். கதை அளக்காதையும்."

ஓம் என்றேன். அளந்துவிட்டேன். ரீச்சர் மன்னிக்க வேண்டும்.

நன்றியுரையின் முதல் வரி இப்படி இருந்தது: 'எமது வளர்ச்சிக்குத் தோள்கொடுத்த அனைத்து நல்லுள்ளங்களுக்கும்'. அதோடு பேனை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எந்த நினைவு மலரைப் புரட்டினாலும் இந்த நல்லுள்ளங்கள் வந்து நிற்பார்கள். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அறுபத்திரண்டு பேர். ஒருவருக்கும் பத்து வயதுக்கு மேல் இல்லை. பெயர்கூடத் தெரியாது. அவர்கள் செய்ததைச் சொல்லாமல் எப்படி நன்றி சொல்வது? அதைச் சொல்வதென்றால் வினோஜாவைச் சொல்ல வேண்டும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'கொழும்புத்துறைக் கடல் அன்று அமைதியாக' (வெட்டியாயிற்று. வற்றுக்காலத்தில் அந்தக் கரையின் மணத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

'வினோஜா சிறு வயது முதலே இசையின்மீது தீராத' (பொய். தோழி ஒருத்திக்குத் துணையாக வந்தவள். தட்டுப் பிடிக்க ஆளில்லை என்று ரீச்சர் அவளைக் கொழுவிவிட்டார்.)

மூன்றாவது இது: வினோஜாவுக்கு நாலு நிமிடம் வேலையில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதுதான் அவளுடைய பிரச்சினை. வினோஜாவுக்கு முப்பத்தொரு வயது, வலைக்கடை ஒன்றில் வேலை. தகப்பன் கந்தப்பு கடலுக்குப் போகிறவர். இசைக்குழுவில் அவளுடைய பொறுப்பு சிம்பல், அதாவது கைக்கொன்றாகப் பிடித்து மோதுகிற இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். ரீச்சர் தானே எழுதிய இசையில் அவை நாலு நிமிடம் சும்மா கிடக்கும். பிறகு ஒரே ஓர் அடி. அந்த அடியில்தான் குழுவிலுள்ள நாற்பது பேரின் வாசிப்பும் ஒன்றாக உச்சத்துக்கு எழும்ப வேண்டும்.

அந்த நாலு நிமிடத்தையும் அவள் பள்ளிக்கூடத்தில் படித்த சங்கீதத்தால் எண்ணினாள். ஆதிதாளத்தில் அது நாற்பத்தெட்டு ஆவர்த்தனம்.* வலது கை தொடையில் தாளம் போடும். இடது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலில் தொடங்கி, ஆவர்த்தனத்துக்கு ஒரு விரல்வரையாக, அதாவது விரலிலுள்ள ஒவ்வொரு கோடாக, ஏறும். நாலு விரலில் பன்னிரண்டு வரைகள். அப்படி நாலு சுற்று.

(* ஆதிதாளம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்புவது. எட்டும் முடிந்தால் ஓர் ஆவர்த்தனம். நினைவில் வைத்திருங்கள், தேவைப்படும்.)

கணக்குச் சரி, ஆனால் கை இரண்டுதானே? சத்தமில்லாமல் தட்டுகளைத் தூக்கி ஆயத்தமாக நிற்க நேரம் வேண்டும். நாற்பத்துநாலு முடிய எழும்பித் தூக்குவாள். தூக்கினால் எண்ண விரல் இல்லை. மிச்சம் நாலையும் மனத்தால்தான் பிடிக்க வேண்டும்.

மார்கழிக் கச்சேரியில் அந்த நாலில் ஒன்று நழுவிவிட்டது. ஓர் ஆவர்த்தனம் முந்தி அடித்தாள். பாதிப் பேர் அவளோடு எழும்ப, பாதிப் பேர் எழும்பாமல் நிற்க, மேடை மீன்சந்தையாகிவிட்டது.

ரீச்சர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"மாசியில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வாசிக்கிறம். அதிலயும் பிசகினால், உந்தச் சத்தத்தை றஜிந்தன் கீபோர்ட்டில அடிக்கட்டும். ஒரு பொத்தான்தானே. பிறகு உமக்கும் அலைச்சல் இல்லை."

"ஓம் ரீச்சர்" என்றாள் வினோஜா. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு போனாள். சிம்பல் இல்லாவிட்டால் அந்தக் குழுவில் அவளுக்கு வேறு இடமில்லை.

(றஜிந்தனைப் பற்றி: கலியாண மண்டபங்களில் கீபோர்ட் வாசிக்கிறவன். இடி வேண்டுமா, குயில் வேண்டுமா, எல்லாம் தன் பெட்டிக்குள் கிடக்கு என்று பீற்றுகிற ஆள். இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம் அவன்தான்.)

3

இந்த இடத்தில் கந்தப்புவை ஒரு நல்ல வசனம் பேச வைத்தேன். 'வலையை விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதும் தொழில்தான் பிள்ளை.' எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. பிறகு வினோஜாவிடம் கேட்டேன், அப்பா அன்றைக்கு என்ன சொன்னவர் என்று.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டவர்."

வேறொன்றும் இல்லையா?

"ரால் சொதி கிடக்கு எண்டவர்."

ஆகவே அந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

4

கச்சேரிக்கு இரண்டு கிழமைக்கு முதல் குழுவில் சிலர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாத்தியங்களைக் காட்டி, தொடவிட்டு, வாசித்துக் காட்டுவது வழக்கம். வயலின்காரர் கழுதை மாதிரிக் கத்திக் காட்டினார். புல்லாங்குழலுக்குக் குருவி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வினோஜாவின் முறை வந்தது. ஒருமுறை அடித்தாள். முடிந்தது.

கண்ணாடி போட்ட சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். "மிஸ், மற்ற நேரம் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"எண்ணிக்கொண்டிருப்பன்."

"எப்பிடி?"

வினோஜா இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். தொடையில் சத்தம் வராமல் தட்டுவதைக் காட்டினாள். விரல்வரைகளைக் காட்டினாள். கைத்தொலைபேசியில் ரீச்சரின் இசையைப் போட்டுவிட்டு, அறுபத்திரண்டு பேரும் அவளும் நாற்பத்தெட்டு ஆவர்த்தனத்தையும் எண்ணினார்கள். வகுப்பு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, பிள்ளைகளுக்கு என்னவோ ஏதோ என்று அதிபர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொருக்கா மிஸ்" என்றார்கள். மூன்று தரம் எண்ணினார்கள்.

(கீபோர்ட் பெட்டியை மூடிக்கொண்டே றஜிந்தன் இதைப் பார்த்தான். வேலையில்லாத வேலை என்று நினைத்தான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

5

மாசி, நல்லூரில் ஒரு மண்டபம், காலை பத்து மணி. அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் பாயில் வரிசையாக இருந்தார்கள். கைதட்டக்கூடாது, தாளம் தட்டக்கூடாது என்று ரீச்சர் ஏற்கெனவே ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார்.

இசை தொடங்கியது. வினோஜா கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். நாற்பத்துநாலு. எழும்பினாள். தட்டுகளைத் தூக்கினாள். நாற்பத்தைந்து. அப்போது கைப்பிடி வார் ஒன்று முறுகியது. அதைச் சரிசெய்து நிமிர்ந்தால், இது நாற்பத்தைந்தா, நாற்பத்தாறா? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் வயலின் பக்கம் திரும்பி நின்றார். பக்கத்தில் றஜிந்தனைப் பார்த்தாள். அவள் பிசகினால் அடிக்க, அவனுடைய விரல் சிம்பல் சத்தத்தின் பொத்தானுக்கு மேல் ஆயத்தமாக இருந்தது.

அவன் அவனென்று எழுதி அலுத்துவிட்டது. றஜிந்தன் நான்தான்.

அந்தப் பொத்தானை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பிசகட்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் பிசகினால் என் பெட்டியின் கெட்டித்தனம் தெரியும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. 'அண்ணை, இனி உங்கடை பாடு' என்பதுபோல ஒரு பார்வை. என்ன வேடிக்கை என்றால், எனக்கும் கணக்குத் தெரியாது. நான் எண்ணவே இல்லை.

அப்போதுதான் இருவரும் கீழே பார்த்தோம்.

அறுபத்திரண்டு வலது கைகள் சத்தமில்லாமல் தொடையில் விழுந்து திரும்பிக்கொண்டிருந்தன. அறுபத்திரண்டு கட்டைவிரல்கள் சுட்டுவிரலின் அடிவரையில் நின்றன. நாற்பத்தாறு. தட்டக்கூடாது என்று சொன்னதை அவர்கள் மீறவில்லை, ஏனென்றால் ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணாடிச் சிறுமி வினோஜாவையே பார்த்தபடி, இடது கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தாள். வினோஜாவின் தோள் இறங்கியது. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

அ. வினோஜா கச்சிதமாக அடித்தாள், நாற்பது பேரும் எழும்பினார்கள், ரீச்சர் கண்ணைத் துடைத்தார். (ரீச்சர் கண் துடைத்து ஒருவரும் கண்டதில்லை.)

ஆ. அரை நொடி பிந்தினாள், ஆனால் பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் அது ஒருவருக்கும் தெரியவில்லை.

இ. பொத்தான் அடித்தது.

இ நடக்கவில்லை. இதை நல்லூர்க் கந்தன் முன்னால் நின்றும் சொல்வேன். கட்டைவிரல்கள் அடுத்த வரைக்கு ஏறியபோது நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். கையை என் தொடையில் வைத்தேன். நாற்பத்தேழை அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணினேன். முப்பது வருடம் மேடை ஏறுகிறேன். ஒருத்திக்காக எண்ணியது அதுதான் முதல் தரம்.

அ, ஆ இரண்டில் எது நடந்தது என்பதை எழுத வினோஜாவிடம் அனுமதி கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. அடி சரியோ பிழையோ எண்டு எழுதினால் அதைத்தான் வாசிப்பினம். பிள்ளையள் எண்ணினவை எண்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். பெயர் தெரியாத அறுபத்திரண்டு பேருக்கும் என் நன்றி. அவளுக்குக் கை கொடுத்ததற்கும், என் கையை எடுக்க வைத்ததற்கும். ரீச்சர், அரைப் பக்கத்துக்கு இந்தப் பந்தி மட்டும் போதும். மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நாற்பத்தேழு முடிந்துவிட்டது. வினோஜா தட்டுகளோடு நிற்கிறாள், எண்ண அவளுக்கு விரல் இல்லை. வலது கையைத் தொடையில் வையுங்கள். சத்தம் வரக்கூடாது.

தட்டு. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

தட்டு. வீச்சு.

தட்டு. வீச்சு.