பழைய இன்ஜின் ஏன் செத்தது

கார் நடுரோட்டில் நின்ற அன்று அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் மருமகள். ஆகவே கொன்றவளும் அவளேதான் என்று வீடு முடிவு செய்துவிட்டது. முதலில் உள்ளே யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓரங்கட்டலாம் என்று அவள் நினைப்பதற்குள் ஒரு குலுக்கல், ஒரு முக்கல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது, வேறெதுவும் சொல்லவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன மெக்கானிக், எண்ணெய் வற்றி ஓடியதால் இன்ஜின் இறுகிவிட்டது என்றார். எங்கோ கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் ஒன்று தேய்ந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. இதைச் செப்பனிடுவதைவிட, ஓடிய இன்ஜின் ஒன்றை நல்லதாகப் பார்த்து வாங்கி மாட்டுவதே மேல் என்பது அவர் கட்சி.

“சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்குமே, நீ பாக்கலையா?” என்று கேட்டான் கணவன்.

“எரியல.”

“எரியாம இருக்காது. நீ எதையாவது யோசிச்சுக்கிட்டே ஓட்டியிருப்ப.”

எரியவில்லை என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் அது அந்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மாமியார் தன் பங்குக்கு, கார் வாங்கிய நாளிலிருந்து யார் கையிலும் மக்கர் செய்ததில்லை என்றார். எல்லோரையும் அமைதிப்படுத்தியவர் மாமனார்தான். “விடுங்கப்பா. வண்டி எல்லாருக்கும் கைவராது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்கு அதுதான் அதிகமாக வலித்தது. திட்டினால் திருப்பிப் பேசலாம். இரக்கப்பட்டால் என்ன செய்வது?

அந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தொல்லையே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களின் இரத்தத்தைக் குழாய் குழாயாகப் பார்ப்பது வேலை. இந்தச் சர்க்கரைக்காரர் யார், இவருக்கு ஏன் இவ்வளவு சோகை என்று ஒவ்வொரு குழாயையும் கையில் எடுக்கும்போது அவளுக்குக் கேள்வி வரும். கேள்வி கேட்காமல் அவளால் சோறு தின்ன முடியாது. மாமியார் அவளுக்கு வைத்திருந்த பெயரே ‘விசாரணைக் கமிஷன்’. அடுத்த மாதத்திலிருந்து, நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் இரத்தம் எடுக்கும் பொறுப்பை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாகக் கார் ஓட்டுகிறவளாக இருக்க வேண்டும், ஒரே நிபந்தனை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கார் சரியானாலும் இனி அவள் ஓட்டப்போவதில்லை; தேவையென்றால் கணவன் கொண்டுபோய் விடுவான் என்று வீட்டில் ஏற்பாடாகிவிட்டது. கணவன் எழுந்திருக்கும் நேரத்துக்கு நோயாளிகள் மதியச் சாப்பாட்டையே முடித்திருப்பார்கள்.

மாமனாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிடங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டில் பல்பு வாங்கும் பழக்கம் கிடையாது. பல்பு இடம் மாறும், அவ்வளவுதான். குளியலறை பல்பு போனால் மாடிப்படி பல்பு அங்கே வரும். சமையலறை பல்பு போனால் சாமான் அறையின் பல்பு வரும். “சும்மாதானே இருக்கு அங்க?” என்பார். வீட்டில் எப்போதும் ஏதாவது ஓர் இடம் இருட்டாக இருக்கும், எந்த இடம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் மாடிப்படியில் இரண்டு முறை சறுக்கினாள். பிறகு போனில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டாள்.

பட்டறை, அவள் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வேலை முடிந்து வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்துவிடுவாள். முதல் நாள் மெக்கானிக் அவளை ஒரு தொந்தரவாகத்தான் பார்த்தார். பழைய இன்ஜினைப் பிரித்து வைத்திருந்த தட்டில் விரலை விட்டு, கறுப்பு எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்து, இதில் மினுமினுப்பது என்ன என்று அவள் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். பேரிங் தேய்ந்து உதிர்ந்த பொடி அது என்றார். ஆனால் அவரும் வீட்டார் கட்சிதான்.

“சீல் போறது வண்டியோட தப்பு மேடம். நிறுத்தாம ஓட்டுறது ஓட்டுறவங்க தப்பு” என்றார். சொல்லிவிட்டு டீயை நீட்டினார்.

அவளுக்கு டீ இறங்கவில்லை. வாங்காமலும் இருக்க முடியவில்லை.

இன்ஜின் தேடப் போனபோது அவளும் கூடவே போனாள். உடைத்த வண்டிகளின் உறுப்புகளை விற்கும் முற்றம் அது. கதவுகள் ஒரு பக்கம், இருக்கைகள் ஒரு பக்கம், நடுவில் மரச்சட்டங்களின் மேல் வரிசையாக இன்ஜின்கள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஏதோ எழுதியிருந்தது. மெக்கானிக் எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட அவ்வளவு நொட்டை சொல்ல மாட்டார்கள். கடைசியில் ஒன்று அவருக்குப் பிடித்தது.

இவ்வளவு நல்ல இன்ஜினை ஏன் விற்றார்கள் என்று அவள் கேட்டாள். பின்னாலிருந்து லாரி இடித்த வண்டி, முன்பாதி அப்படியே தப்பித்தது என்றார் முற்றத்துக்காரர். ஓட்டியவர் என்ன ஆனார் என்று கேட்டாள். அவர்தான் நடந்து வந்து விலை பேசிவிட்டுப் போனாராம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பேரம் முடிந்தது, இன்ஜின் கயிறு கட்டிச் சின்ன லாரியில் ஏறியது. சீல்களையெல்லாம் புதிதாக மாற்றி மாட்டித் தருவதாக மெக்கானிக் சொன்னார்.

ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இன்ஜின் ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டது. அந்த இன்ஜின் ஏன் போனது? எண்ணெய் போனதால் என்பது பாதிப் பதில். விளக்கு எரிந்திருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். சத்தியமாக எரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதையே யோசித்தாள். தான்தான் பார்க்காமல் விட்டோமோ என்ற சந்தேகம்கூட ஒரு நாள் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் சொந்தக் கண்ணையே நம்ப முடியாமல் போகிறது. அந்த ஒரு நாள்தான் அவள் நிஜமாக அழுதாள்.

இன்ஜின் மாட்டி முடித்த அன்று மாலை, கணவனும் மாமனாரும் பட்டறைக்கு வந்தார்கள். மாமனார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவளைத் தாண்டி, மெக்கானிக்கிடம் நீட்டினார். மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

“அண்ணே, ஒரு நிமிஷம்” என்றாள் மருமகள். “அந்தச் சிவப்பு விளக்கு எப்ப எரியும்?”

கணவன் வானத்தைப் பார்த்தான். கமிஷன் கூடிவிட்டது.

“உள்ள எண்ணெய் அழுத்தம் இல்லன்னா எரியும்” என்றார் மெக்கானிக்.

“இன்ஜின் ஓடாதப்ப அழுத்தம் இருக்குமா?”

“இருக்காது. அதனாலதான் சாவியைப் பாதி திருப்புனதும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடும்.”

“அப்ப இப்பத் திருப்பினா எரியணும்?”

“எரியணும்.”

“திருப்புங்க, பாக்கலாம்.”

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடிவு விபரீதமாக வந்தால் நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கருவியைச் சந்தேகிப்பார்கள். இந்த யோசனை இத்தனை நாள் வராமல் போனதற்காக அவள் பிற்பாடு தன்னையே நொந்துகொண்டாள்.

மெக்கானிக் சாவியைப் பாதி திருப்பினார். பேட்டரி விளக்கு எரிந்தது. கதவு விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் எரிந்தன. ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. மெக்கானிக் தட்டிப் பார்த்தார். இறங்கிப்போய் ஒயரைச் சோதித்தார், சரியாக இருந்தது. வேலை மிச்சம் என்று விட்டுவிட்டுப் போகிற ஆளில்லை அவர். அதற்குள் அவருக்கும் கேள்வி தொற்றிக்கொண்டுவிட்டது. திருகுகளைக் கழற்றி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் முள்ளும் விளக்குகளும் இருக்கும் பலகையை அப்படியே முன்னால் இழுத்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு துளைதான் இருந்தது. பல்பு இல்லை.

“பல்பு பியூஸ் போகும். எந்திரிச்சு நடந்து போகாதே” என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்துகொண்டே. இதற்கு முன் இந்த வண்டியைத் தொட்டவர்கள் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

“அதுவா?” என்றார் மாமனார். புதிர் போட்டவர்களுக்கு விடை சொல்லும் உற்சாகம் அவர் குரலில் இருந்தது. “அதை யாரும் திருடல. நான்தான் எடுத்தேன். கல்யாணத்துக்கு முந்தி, ஸ்பீடு முள்ளுக்குப் பின்னாடி இருக்கற பல்பு போயிடுச்சு. ராத்திரில எத்தனைல போறோம்னே தெரியல. பிரிச்சுப் பாத்தா எல்லாம் ஒரே சைஸு. இது ஒண்ணு ஓரத்துல இருந்துச்சு, மூக்கு வச்ச கெண்டி மாதிரி ஒரு படம் போட்டு. ஓட்டுற நேரத்துல ஒரு நாள்கூட அது எரிஞ்சு நான் பாத்ததில்ல. சும்மாதானே இருக்குன்னு எடுத்து அங்க மாட்டிட்டேன். பைசா செலவில்ல.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் தவளைக்குத் தான் கெட்டது உடனே தெரிந்துவிடும். மாமனார் பாராட்டை எதிர்பார்த்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். கணவன் தன் செருப்பைப் பார்த்தான்.

“ஐயா,” என்றார் மெக்கானிக் மெதுவாக, “அது எண்ணெய் விளக்குங்க. வண்டி நல்லா இருக்கற வரைக்கும் அது எரியாது. எரியாம இருக்கறதுதான் அதோட வேலை.”

மாமனாரின் முகத்தில் அது இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அந்தத் துளையைப் பார்த்தார், பட்டறை மூலையில் பிரித்துப் போட்டிருந்த பழைய இன்ஜினைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவருக்கே அடிக்கடி வாயில் வரும் பழமொழி. இப்போது அதற்கு அர்த்தமாக அவரே நின்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து மருமகள் தயாரித்து வைத்திருந்த வசனங்கள் நிறைய. அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் பாதி உள்ளேயே போய்விட்டன. பாதி போகவில்லை.

“மாமா, நான் பாக்காம ஓட்டல” என்றாள்.

“தெரியும்மா.”

“இங்க தெரிஞ்சா போதாது. அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன்” என்றார் அவர்.

மெக்கானிக் தன் டப்பாவிலிருந்து நெல்மணி அளவுக்கு ஒரு பல்பை எடுத்து அந்தத் துளையில் செருகினார். பிறகு இருக்கையிலிருந்து எழுந்து, நீங்களே திருப்புங்க மேடம் என்றார். மருமகள் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினாள். ஓரத்தில் சிவப்பாகக் கெண்டி எரிந்தது. அதன் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முழுதும் திருப்பினாள். வேறு யாருடைய வண்டியிலோ ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இரண்டு முறை செருமி, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. கெண்டி அணைந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

மாமனார் முன்பக்கம் வந்து அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். கணவன் பின்னால் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டு, அவள் சொன்னதை அன்றே தான் நம்பியிருக்க வேண்டும் என்றான். ஆமாம் என்றாள் அவள். அதற்கு மேல் அவனை அவள் தேற்றவில்லை.

கடைத்தெரு வந்ததும் மாமனார் வாயைத் திறந்தார்.

“அந்த எலக்ட்ரிக் கடைகிட்ட நிறுத்தும்மா.”

ஒரு பை நிறையப் பல்புகளோடு வந்தார். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சாமான் அறையில் ஒன்று, வாசலில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று என்று மாட்டிக்கொண்டே போனார். மருமகள் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, கூடவே போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படிக்கு வந்தபோது சமையலறையிலிருந்து மாமியார் வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது, வீடு பூரா வெளிச்சம்? யார் வரப்போறாங்க?”

மாமனார் கையில் கடைசிப் பல்போடு ஸ்டூலின் மேல் நின்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பதுபோல மருமகளைக் குனிந்து பார்த்தார். அவள் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“யாரும் வரலடி. அந்த இன்ஜினைக் கொன்னது நான்தான்” என்று ஆரம்பித்தார்.

ஸ்டூல் லேசாக ஆடியது. மருமகள் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.