நண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் தம்பி சேது மாமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதில் பிறந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதனுக்கு மரத்தின் மேல் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் கேட்டு அலுத்துவிட்டேன்.

மருத்துவமனையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து, "டாக்டர் ரவுண்டு வராரு, வெளிய நில்லுங்க" என்றார். வெளியே நின்றேன். அங்கே காவலாளி போனில் யாரிடமோ, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்றேன்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பினால் சேது கண்கலங்கிக் கிடக்கிறான். வலி என்று நினைத்தேன். "அக்கா, இந்த வருஷம் அம்மன் ரவுண்டுக்கு யாரு லோரி ஓட்டுறது?" என்றான்.

மூன்று பேர், ஒரே சொல். எழுதுகிறவளுக்கு இது போதாதா? [எழுதுகிறவள் என்றால் எப்போதாவதுதான். மற்ற நேரத்தில் கோலசிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்கில் உட்கார்ந்து, பயந்த முகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். என் பெயர் உஷாராணி.]

2

முதலில் இது கட்டுரையாகத்தான் இருந்தது. தொடக்கங்களை அப்படியே விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"உலகம் உருண்டை என்று மனிதன் அறிந்த நாளிலிருந்து—"

வேண்டாம். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்குகிற வாக்கியம்.

"தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போனார், கணக்கெழுதிய கிராணி போனார், வேலை வாங்கிய மண்டோர் போனார், ரவுண்டு மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது."

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு அடுத்து எதை எழுதினாலும் மேடைப்பேச்சு ஆகிவிடுகிறது. அதனால் நேராகவே சொல்கிறேன். தமிழில் வட்டம், சுற்று, உருண்டை, வலம் என்று ஆளுக்கொரு வேலை. ரவுண்டு வந்து எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. குத்துச்சண்டையில் அது நேரம். கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் அது கிளாஸ். நாலு பேர் சேர்ந்து கட்டினால் அடி. என் முகத்தைப் பற்றி உறவுக்காரர்கள் சொன்னால் அழகு. அழகு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மன் வந்தால் அருள்.

அந்தக் கடைசி ரவுண்டில் கட்டுரை நின்றுவிட்டது. அதில் ஆட்கள் இருந்தார்கள்.

3

ஜெராமுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவே எங்கள் ஊர், ஒரு பழைய எஸ்டேட் தோட்டம். பாதி இன்னும் செம்பனை. மீதி, தாமான் என்று நாங்கள் சொல்லும் புது வீடமைப்புக் குடியிருப்பு. திருவிழா அன்று மாரியம்மன் ரதம் ஊரைச் சுற்றும். ரதத்தை லோரியின் மேல் கட்டியிருப்போம். வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள். வருடா வருடம் அந்த லோரியை ஓட்டுகிறவன் சேது.

அவன் படுத்துவிட்டதால் அவன் மனைவி மோகனா, "நான் ஓட்டுறேன்" என்றாள்.

இந்த மோகனாவை எழுதுவதுதான் சிரமம். முதல் வரைவில் அவளைப் புரட்சிப் பெண்ணாக்கினேன். படித்துப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். "அண்ணி, நான் டெய்லி ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. லோரி லைசென்சும் இருக்கு. வேற என்னா வேணும்? எனக்கு ஆசையா இருந்துச்சு, கேட்டேன். அவ்ளோதான்." ஆகவே புரட்சியை எடுத்துவிட்டேன். ஆசையை மட்டும் வைத்திருக்கிறேன். அது பெரிய ஆசை. ரதத்துக்குப் பூ கட்டும்போதெல்லாம் அவள் கண் பூவில் இருக்காது, ஸ்டேரிங்கில் இருக்கும்.

கோயில் தலைவர் திருச்செல்வம் மூன்று நாள் யோசித்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. "சரிம்மா, ஓட்டு. ஆனா ஒண்ணு. அம்மன் ரதம் பின்னால போகக்கூடாது. ரிவர்ஸ் கியர்ல கை வச்சே, அதோட சரி. அப்புறம் இந்தப் பக்கம் கேக்காத" என்றார்.

பின்னால் போகக்கூடாது என்பது அவர் கண்டுபிடித்ததல்ல. மாடு இழுத்த காலத்திலிருந்து எங்கள் ரதம் பின்வாங்கியதில்லை. வந்த வழியே திரும்பினால் ஊருக்கு ஆகாது என்பார்கள்.

4

இப்போது நண்டு.

தாமான் கட்டியவர்கள் நாலு சாலை கூடுகிற இடத்தில் புதிதாக ஒரு சாலை வட்டம் அமைத்து, நடுவில் ஒரு சிமெண்டு நண்டை வைத்தார்கள். கடலோர ஊர் என்பதற்காக இருக்கலாம். ஆரஞ்சு நிறம். ஒரு கொடுக்கு வானத்தைப் பார்க்கும். திசை கேட்கிறவர்களுக்கு நாங்கள், "நண்டு ரவுண்டுல சோத்தாங்கைப் பக்கம்" என்போம்.

திருவிழா அன்று சாயங்காலம் ரதம் அங்கே வந்து சேர்ந்தது. முன்னால் உறுமி மேளம், பின்னால் தட்டோடு நாங்கள். தாமான் சாலைக்குள் ரதம் நுழைவது அதுதான் முதல் வருடம். அந்த மக்கள் சந்தோஷத்தில் சாலைக்குக் குறுக்கே பெரிய பந்தலே போட்டு, வாழைமரம் கட்டி, சீரியல் விளக்கு தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் யோசித்தவர்கள் ரதத்தின் உயரத்தை மட்டும் யோசிக்கவில்லை.

கேபினுக்குள் நடந்ததை மோகனா சொன்னபடி எழுதுகிறேன். தலைவர் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

"தலைவரே, பந்தல் தாழ்வா இருக்கு. உள்ள போனா கலசம் இடிக்கும்."

"நிறுத்தும்மா, நிறுத்து!"

"இங்க நிறுத்துனா நாலு பக்கமும் ஜாம் ஆவும். பின்னாலயும் எடுக்க முடியாது, நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப என்னா செய்யப் போற?"

"அவங்க பந்தல அவுக்குற வரைக்கும் சுத்துறேன்."

சுற்றினாள். தலைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பந்தல அவுங்கடா!" என்று கத்தினார். உறுமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டினார்கள்.

[நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போவதால் சாலை வட்டத்தை வலமாகத்தான் சுற்ற முடியும். நல்லவேளை. வேறு நாடாக இருந்திருந்தால் அம்மன் இடமாகச் சுற்றி, பரிகாரம் செய்தே கோயில் நிதி காலியாகியிருக்கும்.]

எங்களுக்கு எதுவும் தெரியாது. ரதம் சுற்றுகிறது, நாங்களும் சுற்றுகிறோம். இரண்டாம் சுற்றில் உறுமிப் பையன்களுக்கு வேகம் பிடித்துவிட்டது. பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்த மீன் லோரி ஒன்று வட்டத்துக்குள் மாட்டி, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் பின்னாலேயே ஊர்ந்தது. அதன் சீன டிரைவர் தாளத்துக்கு ஹார்ன் அடித்தார். முனையில் உணவகம் வைத்திருக்கும் மூசா பாய் ஐஸ் போட்ட சிராப் வாளியோடு சாலையோரம் வந்து, சுற்றுகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார். நான் அடுத்த முறை அவரைக் கடந்தபோது, "என்னா உஷாம்மா, ரெண்டாவது ரவுண்டா?" என்று மறுபடியும் ஊற்றினார். அவ்வளவு சிரித்து நான் சாமி கும்பிட்டதே இல்லை.

எத்தனை சுற்று என்பதில் ஊரில் இன்னும் சண்டை இருக்கிறது. மூன்று என்பவர்களும் உண்டு, ஏழு என்பவர்களும் உண்டு. ஒருவழியாகத் தாமான்காரர்களுக்கு விஷயம் புரிந்து பந்தலைப் பிரித்தார்கள். மோகனா கலசத்தில் ஒரு பூ உதிராமல் உள்ளே கொண்டுபோனாள். ரிவர்ஸ் கியரைத் தொடவே இல்லை.

5

மறுநாள் தலைவர் கோபத்தில் சிவந்திருந்தார். "அம்மன் நண்ட சுத்தலாமா? யார யாரு சுத்துறது?"

கேள்வி நியாயமானதுதான். பூசாரி கணேஸ்வரன் தலையைச் சொறிந்தார். "தலைவரே, ஊர சுத்தி வந்தா ஊர்ல இருக்குறதெல்லாம் நடுவுலதானே இருக்கும்? ஆடு, கோழி, நீங்க, நானு. இப்ப ஒரு நண்டு. விடுங்களேன்."

விட்டுவிட்டார். ஆனால் ஊர் விடவில்லை. இந்த வருடம் எல்லோரும், "நண்டு ரவுண்டு எத்தன மணிக்கு?" என்று இப்போதே கேட்கிறார்கள். தட்டோடு அங்கேயே நிற்கப்போகிறார்களாம். மீன் லோரிக்காரரும் மூசா பாயிடம் தேதி கேட்டிருக்கிறார்.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சேதுவின் கால் கூடிவிட்டது.

திருவிழா வரும் ஞாயிற்றுக்கிழமை. "சேதுதான் நல்லாயிட்டானே, பிறகென்னா?" என்கிறார் தலைவர். ஆகவே எனக்கு முடிவுகள் தேவைப்பட்டன.

முடிவு ஒன்று: சேது ஓட்டுகிறான், மோகனா பூ கட்டுகிறாள். நிறைவான குடும்பக் கதை. எழுதி முடித்தபோது எனக்கே எரிச்சல் வந்தது.

முடிவு இரண்டு: மோகனா ஓட்டுகிறாள், சேது பெருமையோடு— பெருமையோடு என்ன செய்கிறான்? இருபது வருடமாக ஓட்டியவன். திருவிழா அன்றைக்கு மட்டும்தான் அவனை ஊர் 'சாரதி' என்று கூப்பிடும். அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

எழுதிக்கொண்டிருந்தபோது மோகனா வந்தாள். "அண்ணி, அவரே ஓட்டுற மாதிரி முடிச்சிருங்க. ஏமாந்து போயிருவாரு, பாவம்" என்றாள். சொல்லும்போது அவள் இடது கை மேசைமேல் கியர் மாற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாது.

அவள் போன பிறகு சேது வந்தான். உட்காராமல் வாசலிலேயே நின்றான். "அக்கா, ஒரு ஒதவி. கதையில என் காலு ஒடஞ்சே இருக்கட்டும்."

"எதுக்குடா?"

"அன்னிக்கு நான் கட்டிலே கதின்னு கெடந்தேன்லா. ராத்திரி வீட்டுக்கு வந்தா பாரு, அவ மொகத்த. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல. எனக்கு இன்னொரு தடவ பாக்கணும்."

நான் அழுதேன். எழுதுகிறவள் இதைச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

7

இந்தக் கதை திருவிழா மலருக்காக எழுதப்பட்டது. அச்சுக்குப் போகும் முன் மலரில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து ஒப்புதல் தருகிறவர் கோயில் தலைவர் திருச்செல்வம். மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மிச்சம் அவரோடு பேச வேண்டியிருக்கிறது.

தலைவரே, உங்களை நண்டைச் சுற்றவிட்டுக் கதையில் சிரித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இரண்டு பேரும் தங்களுக்காக எதையும் கேட்கவில்லை. ஒருவர் மற்றவருக்காக என்னிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். இருவருக்கும் இது தெரியாது. நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் இருவரும் சரி என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் கை ஒரு பெயரை எழுதத் துடிக்கிறது. எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் எழுதினால் அது கதை. நீங்கள் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ரதத்தை ஓட்டுபவர்: ........................