சுருளிவேலின் கட்டில்

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், 1972 மழைக்காலத்தில் சுருளிவேலின் கட்டில் விரியத் தொடங்கியது. வீடு அதே ஒற்றை அறைதான், சுவர் நகரவில்லை. ஆனால் அவனுக்கும் மனைவி சந்தனத்துக்கும் நடுவே முதலில் ஒரு முழம், மறுவருடம் ஒரு வாசலளவு, அப்புறம் ஒரு தேயிலைக் காட்டளவு இடம் விழுந்தது. படுக்கையில் அவன் உடம்பு எழாமல் போன மாதத்தில்தான் இது ஆரம்பித்தது என்று இருவருக்கும் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி குழாயடியில் திறந்தாள்: "ஏட்டி சந்தனம், கட்டிலு பெருத்துப்போச்சு, தொட்டிலு எப்ப?"

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சுருளிவேல் மலையிறங்கி அலைந்தான். மீனாட்சிபுரத்து வைத்தியர் லேகியம் கொடுத்தார். லாட்ஜில் அறையெடுத்து ஊர் ஊராக வரும் டாக்டர், சின்ன வயசுத் தப்பு என்று திட்டி ஊசி போட்டார். முதலமடை வைத்தியர் ஒருவர் வேறொரு லேகியம் கொடுத்தார். மலைக்குளிருக்கு வெல்லம்தான் சூடு என்பது லயத்து வழக்கம். சந்தனம் எல்லாவற்றையும் வெல்லப்பாகில் குழைத்து உருண்டை பிடித்து ஊட்டினாள். உருண்டைக்கு உருண்டை கட்டில் விரிந்தது.

கம்பத்திலிருந்து அவளுடைய அண்ணன் சோலை வந்தான். "வைகாசிக்குள்ள ஒரு வழி தெரியலேன்னா தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவேன் மாப்ள. கோவிச்சுக்கிடாதீக."

கோபப்படவும் சுருளிவேலிடம் தெம்பில்லை. தோட்டத்து டாக்டர் மத்தியாஸிடமே போய் நின்றான். அவர் அவனுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது.

"சீனி வியாதிப்பா. ரொம்ப நாளா இருந்திருக்கு. நரம்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் அதுதான் கெடுத்திருக்கு. வெல்லத்த விடு, மாத்திர சாப்பிடு."

"பழையபடி ஆகுமா சார்?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். அடுத்த தடவ உன் சம்சாரத்தையும் கூட்டிட்டு வா."

அவளையும் கூட்டிப் போனான். கட்டில் வளர்வது நின்றது. சுருங்கவில்லை.

வைகாசியில் சோலை வந்து கட்டில் ஓரத்தில் நின்று தங்கையைக் கூப்பிட்டான். வெகுதூரத்தில் கொழுந்துக் கூடை அளவுக்குத் தெரிந்தாள் சந்தனம். காலையிலேயே புருஷனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். எதிர் ஓரத்தில் படுத்திருந்த சுருளிவேல் அவள் பதிலுக்குக் காத்திருந்தான். அது வந்துசேரச் சற்று நேரமானது.

"பாதிக்கு மேல வந்துட்டேண்ணே! இனி யாரு திரும்பி நடக்கது? சோறு சட்டியில இருக்கு, சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

சோலை சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தான். சுருளிவேல் எழுந்து, சீனி வியாதியில் வலிக்கிற காலோடு அவளுக்கு எதிரே நடந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தால், முத்துப்பேச்சி உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். நடுக்கட்டிலிலிருந்து இருவரும் ஒன்றாக வந்துசேர அரைமணி நேரமாகும்.