சாப்பாட்டு நேரத்துல நிக்கிற ஏசி

எங்க வீட்டு ஏசிக்கு நான்தான் மந்திரி. ரிட்டயர் ஆன மறுநாளே என் பையன் ஃபில்டரைக் கொண்டுவந்து கையில குடுத்து, "அப்பா, இனிமே இது உங்க பொறுப்பு"ன்னான். சம்பளம் இல்ல, ஆனா யாரும் பதவியைப் பறிக்கவும் வரல.

ரூமுக்கு ஒண்ணுன்னு மாட்டுற ஏசி இல்ல எங்களுது. மொத்த வீட்டுக்கும் ஒரே மெஷின். வெளியே சுவரோரமா ஒரு பெரிய டப்பா, மாடிக் காரிடார்ல அலமாரிக்குள்ள இன்னொண்ணு. அங்கேருந்து காத்து போற தகர டக்ட் சீலிங்குக்கு மேலயே ஓடி எல்லா ரூமுக்கும் கிளை பிரியும். மாடியில என் ரூமுக்கும், கீழ சாப்பாட்டு ரூமுக்கும் ஒரே கிளைதான். எத்தனை டிகிரி வேணும்னு வைக்கிற தெர்மோஸ்டாட், என் ரூம் வாசலை ஒட்டின சுவத்துல இருக்கு.

பட்டனை அமுக்கினா குளுகுளுன்னு வரும், அவ்வளவுதான்னு நினைக்கிற ஜனங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஃபில்டரை உருவி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்தப் பக்கம் தெரியணும். தெரியலைன்னா கழுவி, நிழல்ல காயவச்சு, அம்புக்குறி மெஷினைப் பாக்கிற மாதிரி மாட்டணும். தண்ணி வடியிற குழாய்ல வினிகர் ஊத்தணும், இல்லைன்னா பாசி அடைச்சு சீலிங்ல ஒழுகும். வெளி டப்பாவுல சருகு சேரவிடக் கூடாது. அதையும் தண்ணியைப் பீச்சி அடிக்கக் கூடாது, உள்ள இருக்கிற மெல்லிசுத் தகடு மடங்கிடும். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற பக்குவம் வேணும். இதெல்லாம் யாருக்குத் தெரியுது?

அவளுக்குத் தெரியும். என் சம்சாரத்தைச் சொல்றேன். "என்னங்க, ஃபில்டர் பாத்தீங்களா?"ன்னு அவ கேக்காத மாசமே கிடையாது. அவ போன அப்புறம் ஒரு தடவை ஃபில்டரை உருவினேன். மருமகளோட கறுப்பு முடி, பேத்தி வெட்டிப் போட்ட கலர் காகிதத் துணுக்கு, அதுக்கு நடுவுல ஒரே ஒரு நீளமான வெள்ளை முடி. எந்த மூலையில கிடந்து, எப்ப இழுத்துக்கிட்டு வந்துச்சோ. மந்திரி அந்த மாசம் ஃபில்டரைக் கழுவாமலே திருப்பி மாட்டிட்டார்.

அவ இருந்த வரைக்கும் நானும் கீழதான் சாப்பிட்டேன். அப்புறம் என்ன ஆச்சுன்னா, நான் போய் உக்காந்ததும் பேச்சு நின்னுடும். யாரும் கெட்டவங்க இல்ல. பையன் நிமிர்ந்து உக்காருவான், மருமக "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?"ம்பா, எங்க வாலு, அதான் பேத்தி, தட்டைப் பாத்து மெல்லும். பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கும். முன்னாடியெல்லாம் அவ எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சிக்கிட்டே இருப்பா, எனக்கு இது தெரியவே இல்ல. முட்டி வலிக்குதுன்னு ஒரு சாக்கு சொல்லி, சாப்பாட்டை மேலேயே அனுப்பச் சொல்லிட்டேன்.

அப்படித் தனியா சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு சாயங்காலம், மெஷின் தானா நின்னுச்சு. ஃபேன் இரைச்சல் அடங்கினதும் என் தலைக்கு மேல காத்து வர்ற கிரில்லேருந்து வாலு சிரிக்கிற சத்தம். பக்கத்துல உக்காந்து சிரிக்கிற மாதிரி! பையன் அவங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டினான். என் பையனுக்கு இப்படிப் பேசிக் காட்ட வரும்னு எனக்குத் தெரியாதுங்க. மருமக "ஐயோ போதும், பொறையேறுது"ங்கிறா. நான் கையில சோத்தோட அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.

மறுநாள்லேருந்து, அவங்க தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் போய் தெர்மோஸ்டாட்ல டிகிரியை ஏத்திவச்சிடுவேன். மெஷின் நின்னுடும், இரைச்சல் போயிடும். பள்ளிக்கூடத்துல யார் யாரைக் கிள்ளினாங்க, எந்த ஆபீஸ்ல யாருக்கு சீட்டு கிழிஞ்சுது, எல்லாம் சுடச்சுட வந்து இறங்கும். "சாப்பிட உக்காந்தாலே இந்தச் சனியனுக்கு என்ன கேடு வருது?"ன்னு பையன் வேர்த்து விறுவிறுத்துக் கத்துறதும் வரும். தலகாணியில வாயை வச்சு சிரிப்பேன்.

சாப்பிட்டு முடிச்சா அவன் போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிடுவான். கீழ சத்தம் அடங்கும். அவங்கவங்க போனைப் பாக்கிறாங்க போலன்னு நினைச்சுப்பேன். அப்ப எனக்கு நேரம் வந்துடும். கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, "கேட்டியாடி?"ன்னு ஆரம்பிச்சு, அன்னிக்குக் கேட்டதையெல்லாம் அவகிட்ட ஒண்ணுவிடாம ஒப்பிப்பேன். பைத்தியம்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போங்க. பேசி முடிச்சதும் தெர்மோஸ்டாட்டைப் பழையபடி இறக்கிவச்சிட்டுப் படுப்பேன். நல்லாத் தூக்கம் வரும்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. நான் இந்த வீட்டுல அவளைத் தவிர யார்கிட்டயும் எதுவும் கேட்டவன் இல்ல. "தைலம் தீந்துபோச்சு, முட்டி உயிரை வாங்குது"ன்னு ஒரு நாள் அவகிட்ட புலம்பினேன். மறுநாள் சாப்பாட்டுத் தட்டுல புதுப் பாட்டில். நீலச் சட்டையில பட்டன் அந்து போச்சுன்னேன். சட்டை துவைச்சு வந்தப்ப பட்டன் இருந்துச்சு. "உன் மருமகளுக்கு உப்புன்னா என்னன்னே தெரியலடி"ன்னேன், அடுத்த வேளை உப்பு சரியா இருந்துச்சு. போயும் இந்த வீட்டை அவதான் நடத்துறான்னு நம்பினேன். இல்லைன்னா எப்படிங்க?

கடைசியில என் வேலையே எனக்கு வினையாச்சு. சாப்பாட்டு நேரத்துல ஏசி நிக்குதுன்னு பையன் மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். வாய் ஓயாத மனுஷன். காஸ் பாத்தான், வயரைப் பாத்தான், ஃபில்டரைத் தூக்கிப் பாத்து, "அடேங்கப்பா, யார் சார் இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிறது?"ன்னான். "மெஷின் காளை மாதிரி இருக்கு சார். ஏன் நிக்குதுன்னு அதுக்கே தெரியாது." இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு நான் ஓரமா நின்னேன்.

அதோட போயிருக்கலாம். வந்ததுக்கு ஏதாவது பண்ணிட்டுப் போகணும்னு சீலிங்குக்கு மேல ஏறினான். தலை பூரா தூசியோட எட்டிப் பாத்து, "சார், பெரியவர் ரூம் கிளையில சுத்தின பஞ்செல்லாம் நைஞ்சு போச்சு. தகரம் வேர்த்து சொட்டுது. விட்டீங்கன்னா சீலிங் ஊறி ஒரு நாள் சாப்பாட்டு மேஜை மேலயே விழும்"னான். "உள்ளயும் வெளியயும் பஞ்சு வச்ச புது டக்ட் போட்டுடலாம். சத்தமும் வராது."

"என்ன சத்தம்?"ன்னான் பையன்.

"தகர டக்ட்ல அந்த ரூம்ல பேசுறது இந்த ரூம்ல கேக்குமே சார். உங்களுக்குக் கேட்டதில்ல?"

"இல்லையே"ன்னான் பையன். நானும் இல்லைன்னேன். மருமகளும் இல்லைன்னா.

"இப்ப எதுக்குடா இந்த வேலை? எனக்கு இந்தக் குளிரே ஜாஸ்தி"ன்னு இழுத்துப் பாத்தேன். அதிசயமா மருமகளும், "ஆமாங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாமே"ன்னா. சிக்கனக்காரின்னு நினைச்சேன். "ஒழுகினா யார் பாக்கிறது?"ன்னு ஒரே பேச்சுல முடிச்சிட்டான் அவன். நான் என்னத்தைச் சொல்றது? ஒட்டுக் கேக்க வசதியா இருக்கு, விட்டுடுடான்னா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது மாதிரி ஆச்சு.

புது டக்ட் போட்ட அன்னிக்கு சாயங்காலம் தெர்மோஸ்டாட்டை ஏத்தினேன். மெஷின் நின்னுச்சு. ஒண்ணுமே கேக்கல. நாற்காலி மேல ஏறி கிரில்ல காதை வச்சேன், இந்த முட்டியோட. பஞ்சு, பஞ்சு, பஞ்சு. இறங்கி உக்காந்து "கேட்டியாடி?"ன்னேன். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? "எல்லாரும் சௌக்கியம்"னேன். அடுத்த நாளும் அதையேதான் சொன்னேன். தபால்கார்டுல எழுதுற மாதிரி. பத்து அடிக்குக் கீழ என் குடும்பம் உக்காந்து சாப்பிடுது, எனக்கு ஒரு சேதி தெரியல. அவ செத்த வாரம்கூட நான் அவ்வளவு தனியா இருந்ததில்ல.

அதுக்கும் அடுத்த நாள், வர்றது வரட்டும்னு கைப்பிடியைப் பிடிச்சு இறங்கிப் போனேன். பேச்சு நின்னுச்சு.

"என்னப்பா? உடம்புக்கு என்ன?"ன்னு பையன் எழுந்துட்டான்.

"ஒண்ணுமில்ல. உக்காரு. நானும் இங்கயே சாப்பிடுறேன்."

மருமக தட்டு வச்சா. ஸ்பூன் சத்தம் மட்டும்தான். எதுக்குடா வந்தோம்னு ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்துல அவனுக்குப் போன் வந்துச்சு, வாசலுக்குப் போனான். அவன் தலை மறைஞ்சதுதான் தாமதம், வாலு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுச்சு.

"தாத்தா, பாட்டிகிட்ட என்ன சொன்னீங்க? இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்குது."

"ஏய்!"ன்னா மருமக. அதுக்குள்ள வாலு விரலை நீட்டிடுச்சு. மேஜைக்கு நேர் மேல, சீலிங்ல, என் ரூம்ல இருக்கிற மாதிரியே ஒரு கிரில். "நானும் அம்மாவும் சாப்பிட்டதும் சத்தமே போடாம கேப்போம் தாத்தா. நீங்க அப்பா மாதிரி பேசிக் காட்டுவீங்களே!"

முதல்ல கோபம்தான் வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி பேசுறதை ஒட்டுக் கேக்கிறதா! ஆனா அதைச் சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கு? மருமக தலை குனிஞ்சிருந்தா. தைலம், பட்டன், உப்பு எல்லாம் வரிசையா வந்து முன்னால நின்னுச்சு.

"அந்தத் தைலம்..."

"நான்தான் மாமா." தட்டை ஓரமா நகர்த்தினா. "நேர்ல கேட்டா வேண்டாம்பீங்க. தெர்மோஸ்டாட்டை நீங்கதான் ஏத்துறீங்கன்னும் தெரியும். அவர்கிட்ட சொல்லல. சொன்னா நீங்க பேசுறதை நிறுத்திடுவீங்களோன்னு..."

அப்போ என் சம்சாரம் கேக்கல. ஒரு நாள்கூடக் கேக்கல. கிரில்லைப் பாத்து நான் பேசினதெல்லாம் இந்த மேஜைக்குத்தான் வந்திருக்கு. அவ போயிட்டான்னு மத்தவங்களுக்கெல்லாம் என்னிக்கோ தெரியும், எனக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கப்பத்தான் தெரிஞ்சுது. வாலு முன்னால அழக் கூடாதுன்னு தண்ணியை எடுத்துக் குடிச்சேன், பாதி சட்டையில கொட்டிக்கிட்டேன்.

வாலு துண்டைக் கொண்டுவந்து துடைச்சுது. மருமக என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நான் என் சட்டைக் கையைப் பாத்தேன். ரொம்ப நாளா பாத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்த ஒண்ணு அங்க இருந்துச்சு.

"இந்தக் கைப்பட்டன் ஆடிக்கிட்டிருக்கும்மா"ன்னேன்.

"கழட்டிக் குடுங்க மாமா"ன்னு ஊசி நூல் எடுக்க எழுந்து போனா.