நான்காவது இடத்தில் தக்காளி

...எட்டாம் நம்பர் டிரைவ் படிக்கும், ஒன்பதாம் நம்பர் எழுதும், பழைய பிளாப்பி எட்டில், புதியது ஒன்பதில், மாற்றிப் போட்டால் வெற்றுப் பிளாப்பியை எடுத்து எழுதின பிளாப்பியின் மேல் கொட்டிவிடும் என்று கால்மான் மூன்றாம் முறையாகச் சொல்கிறான், சொல்லிக்கொண்டே நான் சுட்டு வைத்த பொகாச்சா ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான், என் கணவன் தெஜோவும் அவனும் கேபிள் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள், தெஜோ போய்ச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது, அவனுடைய பழைய கம்ப்யூட்டருக்கு இருப்பது ஒரே டிரைவ், அதனால் கால்மான் தன்னுடைய டிரைவைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலப் பேருந்தில் தூக்கி வந்திருக்கிறான். "ரெண்டு டிரைவுமே பொறக்கும்போதே எட்டு, இல்கா. ஒண்ணுக்கு நம்பர் மாத்தலன்னா, கூப்பிட்ட உடனே ரெண்டும் சேந்து கத்தும், நம்ம தொழிற்சங்கக் கூட்டம் மாதிரி." சிரித்தேன் என்று நினைக்கிறேன். சமையலறை மேஜையில் இத்தனை வயர்களை விரிக்க தெஜோவை நான் விட்டதே இல்லை, இப்போது நானே ஜாம் பாட்டில்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்திருக்கிறேன், ஏன் அப்போது விடவில்லை, மேஜை அன்றும் இதே அளவுதானே... காலையில் விளையாட்டுகள் இருந்த ஒரு பிளாப்பியைச் சோதித்துப் பார்த்தோம், ஒரு முறை படித்தது, இரண்டாம் முறை கரகரவென்று ஏதோ உராய்ந்தது, எடுத்துப் பார்த்தால் பழுப்புப் பூச்சு வளையமாக உரிந்திருந்தது. "ஒரு தடவைதான் கிடைக்கும். யோசிச்சு வை," என்றான் கால்மான்.

யோசிக்க வேண்டியது இந்தப் பிளாப்பியைப் பற்றித்தான். எண்பத்தேழு இலையுதிர்காலத்தில் தெஜோவை விட்டுவிட்டு ஷோப்ரோன் ஊரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன், எதற்காக என்று ஒரு வாக்கியத்தில் இன்றுவரை யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை, அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை, வீட்டில் இருந்தபடியே இல்லாமல் இருந்தான், அவ்வளவுதான், பன்னிரண்டு வாரம் அங்கே இருந்தேன், பதினொரு கடிதம் வந்தது, கையெழுத்து மோசம் என்பதால் எல்லாவற்றையும் இந்த இயந்திரத்தில் அடித்து அனுப்பினான், சாம்பல் புள்ளிகளால் ஆன எழுத்து, பேசத் தெரியாதவன் எழுதத் தெரிந்திருந்தான், அதைப் படித்துத்தான் திரும்பி வந்தேன். கடிதங்களை அக்கா வீட்டிலேயே விட்டு வந்தேன், நிலவறையில் தண்ணீர் புகுந்த வருடம் கூழாகிவிட்டன. ஆக, மிச்சம் இருப்பது இதில் இருப்பதுதான்.

பிளாப்பியில் உள்ளவற்றின் பட்டியலைக் கால்மான் திரையில் வரவழைத்தான். கடிதம் ஒன்று, கடிதம் இரண்டு, கடிதம் மூன்று, தக்காளி, கடிதம் ஐந்து, ஆறு, ஏழு... பன்னிரண்டு வரை. நான் விரல்விட்டு எண்ணினேன், பதினொன்று, சரியாக இருக்கிறது, ஆனால் எண் பன்னிரண்டு வரை போகிறதே, நடுவில் தக்காளி எதற்கு, தக்காளி நாற்றுப் பட்டியலை நானும் அவனும் சேர்ந்துதானே போட்டோம், நான் திரும்பி வந்த பிறகு, மார்ச்சில்... கால்மான் மெல்லுவதை நிறுத்தினான். "ஒரு ஃபைல அழிச்சா அந்த வரி காலியாயிடும். அடுத்து எத எழுதுறியோ அது அங்க போய் உக்காந்துக்கும். நாலாவது ஒண்ணு இருந்திருக்கு, இல்கா." அப்படியானால் ஐந்தையும் ஆறையும் பன்னிரண்டையும் எழுதியபோது நான்காவது அங்கேயே இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஐந்தாவது அந்த இடத்தில் அல்லவா போய் உட்கார்ந்திருக்கும், அனுப்பாமல் வைத்திருந்திருக்கிறான், குளிர்காலம் முழுக்க, நான் பெட்டியோடு உள்ளே வந்த பிறகுதான் அழித்திருக்கிறான். "அழிச்சது போயிடுமா?" என்று கேட்டேன். "பேருதான் போகும். எழுத்து அங்கயேதான் கெடக்கும், மேல வேற எதையும் எழுதாத வரைக்கும். தக்காளிக்கு என்ன பெரிய எடம் வேணும்? பிளாப்பிய முழுசா அப்படியே எடுத்தா அதுவும் சேந்து வரும், பாதியாவது தேறும். ஃபைல் ஃபைலா எடுத்தா பட்டியல்ல உள்ளது மட்டும்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழுசா எடுத்து வச்சுக்க, பாக்கணும்னா பாரு, வேணாம்னா விடு," என்றான். "கெடச்சா பாக்காம விடுற ஆளா நானு?" "அதுவும் சரிதான். என் பொண்டாட்டியா இருந்தா இந்நேரம் படிச்சு முடிச்சு எங்கிட்ட சண்டைக்கே வந்திருப்பா."

சண்டை போட எதிரில் ஆள் இல்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், அவன் மேஜை இழுப்பறையை நான் திறந்ததில்லை, என் கைப்பையை அவன் திறந்ததில்லை, திரும்பி வந்த அன்று பேசி வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். "ஃபைல் ஃபைலா," என்றேன். கால்மான் விசைப்பலகையை என் பக்கம் திருப்பி வைத்தான். ஒவ்வொரு பெயராகக் கேட்டது, வேண்டுமா, வேண்டாமா, ஒவ்வொன்றுக்கும் வேண்டும் என்று அழுத்தினேன், தக்காளிக்கும் அழுத்தினேன், எட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, ஒன்பதின் விளக்கு எரிந்தது, ஒன்பதாவது கடிதத்தில் உராய ஆரம்பித்தது, கால்மான் மூச்சைப் பிடித்துக்கொண்டான், நான் ஜாம் பாட்டில் ஒன்றின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன், பத்து, பதினொன்று, கடைசி. எல்லாம் வந்துவிட்டது. பழையதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தான், பூச்சு உரிந்த வளையம் வழியாக எதிர் வீட்டு பால்கனி தெரிந்தது. "இனி இதுல ஒண்ணும் இல்ல," என்றான்.

சரி, ஒன்றும் இல்லை... நான்காவது வாரம். இப்போதுதான் தோன்றுகிறது, ஒரு வாரம் கடிதம் வரவில்லை, தபால்காரி தோளைக் குலுக்கினாள், "உன் ஆளுக்குக் கை வலிச்சிருக்கும், கண்ணு, அடுத்த வாரம் ரெண்டா வரும் பாரு," என்றாள், மறுநாள் தபால் நிலையத்துக்கே நடந்து போய்க் கேட்டேன், அங்கிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பாமல் ரயில் நிலையத்துக்குப் போய், எங்கள் ஊருக்கு, செகெட்டுக்குப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்தேன், அதுதான் முதல் முறை, கடிதங்களைப் படித்துத் திரும்பி வந்தேன் என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், அவனிடமும்தான், வராத ஒன்றைப் பற்றிச் சொன்னதே இல்லை, ஏன் போனாய் என்று அவனும் கேட்டதில்லை... ஒருவேளை அந்த நான்காவதில் கேட்டிருந்தானோ.