கடைக்காரன் பங்கு

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் என் அறையில் இருந்த நாலு பாத்திரத்தையும் தேய்த்து முடித்து, அதுவும் போதாமல், கீழ்வீட்டு கோவிந்தம்மாவின் இட்லிக் குண்டானையும் வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாத்தூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறை அவருடையது.

"இன்னாமா சந்தனமாரி, யார் மேல காண்டு? குண்டான் ஓட்டையாப் பூடப் போவுது."

"ஆப் கடைக்காரன் மேலம்மா. நம்ம ஆப்பைக் கடையிலருந்து தூக்கிட்டான்."

அவர் முகம் மாறிவிட்டது. அந்த ஆப்பில் பாதி அவர் மகன் கார்முகிலுடையது.

ஆப்பின் பெயர் 'ஏறியாச்சு'. பெயரிலேயே வேலை இருக்கிறது. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெண்கள் ஹாஸ்டல்களிலிருந்து ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் போகும். ஐந்து மணி பஸ் என்று பெயர். நாலு ஐம்பதுக்கும் வரும், ஐந்து இருபதுக்கும் வரும். விட்டுவிட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. அதற்குப் பயந்து பெண்கள் நாலரைக்கே ரோட்டோரத்தில் வந்து நிற்பார்கள். ஒருபக்கம் நாய், மறுபக்கம் ஹாரன் அடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு போகிறவன். நானும் இரண்டு வருடம் அப்படி நின்றவள்தான். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவன் என் துப்பட்டாவை உருவிக்கொண்டு போனான். அன்று பஸ் இருபது நிமிடம் லேட்.

கோவில்பட்டியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள் நான். அந்தப் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் கிடைத்தது செல்போன் செய்யும் தொழிற்சாலையில் கடைசி டெஸ்டிங் மேஜை. லைனில் வரும் போனை ஆன் செய்து, திரையில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் தொட்டு, திறக்கிறதா என்று பார்த்து, 'பாஸ்' அழுத்த வேண்டும். அந்தப் படங்களில் ஒன்றுதான் இந்தக் கடை. மற்ற ஆப் எதுவானாலும் அதற்குள் போய்த்தான் ஜனங்கள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

துப்பட்டா பறிபோன அந்த மாதமே வேலையை விட்டேன். மறைமலை நகரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த கார்முகிலைப் பிடித்தேன். அவன் வேலை முடிந்து வந்தும் நான் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஐந்து மாதத்தில் ஆப்பைக் கட்டினோம். முதல் நிறுத்தத்தில் ஏறும் பெண் ஒரு பொத்தானை அழுத்துவாள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் இருப்பவர்களின் போனில் மணி அடிக்கும், இத்தனை நிமிடத்தில் பஸ் வரும் என்று காட்டும். அதுவரை அறைக்குள் நிதானமாகப் பல் தேய்க்கலாம். ஒரே வருடத்தில் ஆயிரத்து நானூறு பெண்கள் வைத்திருந்தார்கள். சர்வர் செலவுக்கும் என் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் வாங்கினோம்.

சண்டை அந்த இருபது ரூபாயில்தான்.

கடைக்காரன் சட்டம் இது. ஆப்புக்காக வாங்கும் பணம் அவன் கல்லா வழியாகத்தான் வர வேண்டும். வந்தால் நூற்றுக்குப் பதினைந்து அவனுக்கு. முதலில் அப்படித்தான் வைத்தோம். முதல் மாதம் அறுநூறு பேரில் பதினொரு பேர் கட்டினார்கள். மற்றவர்களுக்குக் கட்ட மனமில்லாமல் இல்லை, வழி இல்லை. சம்பள அக்கவுண்டில் இருக்கும் போன் நம்பர் ஊரில் இருக்கும் அப்பாவுடையது. இவள் இங்கே பொத்தானை அழுத்தினால் ஓ.டி.பி. சங்கரன்கோவிலில் அடிக்கும். அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். இருபது ரூபாய்க்கு இந்தப் பாடு யார் படுவார்கள்?

ஹாஸ்டலில் காசு நடக்கிற விதமே வேறு. எட்டுப் பேர் அறைக்கு ஒரு லீடர் இருப்பாள். தண்ணீர் கேன், சோப்பு, ஊருக்குப் போகிறவளுக்கு பஸ் டிக்கெட் எல்லாம் அவள் கையில் ரொக்கமாகத்தான் நடக்கும். நாங்களும் அந்த வழிக்கே வந்தோம். லீடர் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பணம் தருவாள், நான் ஒரு ரகசிய எண், அதாவது கோடு தருவேன், அதை எட்டு போனிலும் ஆப்பில் போட்டால் திறந்துகொள்ளும். பதினான்கு மாதம் அப்படியே ஓடியது.

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து மெயில் வந்தது. எங்கள் கல்லாவுக்கு வெளியே பணம் வாங்குகிறீர்கள், ஆப்பை நீக்கிவிட்டோம் என்று. சாட்சிக்கு ஒரு படமும் வைத்திருந்தார்கள். எங்கள் ஆப்புக்கு ஒரு பெண் எழுதிய ஐந்து நட்சத்திர விமர்சனம் அது.

'சூப்பர் ஆப். பஸ் எங்க வருதுன்னு கரெக்டா காட்டுது. புதுசா வந்தவங்க பயப்படாதீங்க, கார்டு ஒண்ணும் போட வேண்டாம். ரூம் லீடர்கிட்ட 20 ரூபா குடுத்தா கோடு தருவாங்க. எங்க சந்தனமாரி அக்கா செஞ்சது. எல்லாரும் போடுங்க.'

கீழே உலகம்மாள் என்று பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அது பயனுள்ளது என்று வேறு அழுத்தியிருந்தார்கள். அழுத்த அழுத்த அது மேலே ஏறி, கடைக்காரன் கண்ணில் படும் உயரத்துக்குப் போயிருக்கிறது.

உலகம்மாள் நான் லைனில் இருந்தபோது பக்கத்து மேஜை. வல்லம் ஹாஸ்டலில் பதினேழாம் அறைக்கு லீடர். குண்டானைக் கவிழ்த்துவிட்டு நேராக அங்கே போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எக்கா, வா வா! நான் எழுதுனத பாத்தியா? எங்க லைன் பிள்ளைய எல்லாத்தையும் அழுத்தச் சொன்னேன்லா."

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு வாய்வரை வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது.

"நல்லதுன்னுதானக்கா எழுதுனேன். காச எப்படிக் குடுக்கணும்னு தெரியாம புதுப்பிள்ளைய முழிக்கும்லா, அதான். இதுல என்னக்கா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லடி."

"இப்பமே அழிச்சிருதேன்."

அறைக்குள் ஓடிப் போனை எடுத்துத் தேடினாள். அழிப்பதற்கு அங்கே ஆப் பக்கமே இல்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் திட்ட என்னால் முடியவில்லை. முடியாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்று மெயிலில் இருந்தது. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அப்பாவின் போன் நம்பர், அறை லீடர், விடியற்காலை ரோடு எல்லாவற்றையும் எழுதினேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது. 'வணக்கம் டெவலப்பர்' என்று தொடங்கி, முதல் மெயிலில் இருந்த அதே வரிகள். மறுபடி எழுதினேன். மறுபடி நாலு நிமிடம், வணக்கம் டெவலப்பர். மூன்றாவது தடவை, ஒரு மனிதர் என்னோடு பேச முடியுமா என்று ஒரே வரி கேட்டேன். அதற்கும் அதே வணக்கம். கடைசியில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வேறு. எனக்கு ஏது பொறுமை? என்னிடம் இல்லாததற்கு ஒருவன் நன்றி சொன்னால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

மறுநாள் கார்முகில் ஆபீஸிலிருந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்தான். நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"வுடு மாரி. பதினஞ்சு பர்சென்ட் தானே? அவன் கேக்குறத குடுத்துட்டுப் போலாம்."

"எதுக்குக் குடுக்கணும்? அவன் நாலரைக்கு வல்லம் ரோட்டுல வந்து நின்னானா? குடுத்தாலும் யார் கட்டுவா? பதினோரு பேரு. அதுல அவனுக்குப் பங்கு போக மீதி வச்சு டீ குடிப்போமா?"

"கோவத்துல பேசாத. கடையில அக்கவுண்டு எம் பேர்ல கீது. இன்னொரு தபா மாட்னா மொத்தமா மூடிடுவான். எம் பேரு எதுல இருந்தாலும் மூடுவான், நான் வேலை செய்ற எடத்து அக்கவுண்டு உள்பட. ஓனர் என்னை வெளிய தள்ளிடுவார். அம்மாவுக்கு யார் சோறு போடுவா?"

"அப்ப நாம தப்பு செஞ்சோம்ங்கியா?"

"தப்புன்னு சொல்லல. பயமா கீதுன்னு சொல்றேன்."

அவன் அப்படி ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பயத்தில் நியாயம் இருந்தது. எவனோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, மாத்தூரில் இவன் அம்மா சோற்றில் கை வைக்க முடிகிறதே என்று வயிறு எரிந்தது. அன்று அவன் கீழேயும் நான் மாடியிலும் சாப்பிடாமல் படுத்தோம்.

ஏற்கெனவே ஆப் இருந்தவர்களுக்கு அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கிடைக்காது. ஆனால் என்னையும் உலகம்மாளையும் போல காண்ட்ராக்டைப் புதுப்பித்துத் தங்குகிறவர்கள் கொஞ்சம்தான், மற்ற எல்லாருமே புதிதாக வருகிறவர்கள். காண்ட்ராக்ட் பதினோரு மாதம், மாதாமாதம் ஒரு கூட்டம் போகும், ஒரு கூட்டம் வரும். வாட்ஸ்ஆப்பில் ஆப்பை அனுப்பிப் பார்த்தோம். போடப் போனால் போன் சிவப்பாக எச்சரித்தது, இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று. பிள்ளைகள் பயந்து கைவிட்டார்கள். ஹாஸ்டல் வார்டன் அதையே சாக்காக வைத்து, தெரியாத ஆப் வைத்திருந்தால் அறையைக் காலி செய் என்று நோட்டீஸ் ஒட்டினார்.

பத்தாம் நாள் மத்தியானம் இரண்டரைக்கு உலகம்மாள் கூப்பிட்டாள். ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் அடித்த போன்.

"எக்கா, எங்க ரூமுக்கு சுகப்பிரியான்னு புதுப்பிள்ள வந்துருக்கால்லா, ராதாபுரத்துப் பிள்ள. நேத்து பஸ்ஸ விட்டுட்டா. அந்தப் பயத்துல இன்னைக்கி எங்க யாருகிட்டயும் சொல்லாம நாலு மணிக்கே தனியாப் போயி நின்னுருக்கா. நாயி கெண்டக்கால்ல கடிச்சு வச்சிட்டு. நாங்க மணி அடிச்ச பொறவு போறோம், அவ ரத்தத்தோட உக்காந்துருக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போனியளா?"

"ஊசி போட்டாச்சு. ரெண்டு நாள் சம்பளமும் போச்சு. எக்கா, மணி எங்க போன்ல அடிச்சுது. அவ போன்ல அடிக்கல."

போனை வைத்துவிட்டேன். அன்று பாத்திரம் தேய்க்கவில்லை. கார்முகிலின் ஆபீஸுக்கே போய் அவனை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"கோடு போடுற கட்டத்தை எடுத்துரு. இனிமே காசே கிடையாது, எல்லாருக்கும் சும்மா. பூஜ்யத்துல பதினஞ்சு பர்சென்ட் எவ்வளவு வருமோ அவன் எடுத்துக்கட்டும்."

"சர்வர் காசு?"

"நான் தாரேன்."

"எங்கேருந்து?"

"எங்கிருந்து வந்தனோ அங்கிருந்துதான்."

புரிந்ததும் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். பாதியை நான் போடுறேன் என்றான். சரி என்றேன். அன்றே கட்டத்தை எடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் ஆப் கடைக்குத் திரும்பி வந்தது. மெயிலில் 'ஒத்துழைப்புக்கு நன்றி' என்று இருந்தது. படித்ததும் அழித்தேன்.

உலகம்மாள் சும்மா இருக்கவில்லை. எட்டு அறை லீடர்களைச் சேர்த்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள்.

"கோடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எப்பவும்போல ரூமுக்கு வாங்கி உங்கையில தாரோம். எவனுக்குத் தெரியும்?"

"வேண்டாம். உங்கள்ல ஒருத்தி பாசத்துல மறுபடியும் எழுதிப்புடுவா. கார்முகிலுக்கு வேலை போயிரும்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உண்மை அதுதான். எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வெளியே வந்தால்கூட அதை எங்கள் கழுத்துக்கே சுருக்காக்கத் தெரிந்தவனோடு என்ன செய்ய முடியும்?

அடுத்த மாதம் முதல் தேதி, அதே காண்ட்ராக்டர், அதே தொழிற்சாலை. விடியற்காலை அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் மணி அடித்தது. பஸ் இன்னும் பன்னிரண்டு நிமிடம். நான் செய்த ஆப் எனக்கே அடித்ததில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் சுகப்பிரியா காலில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

போனை லாக்கரில் வைத்துவிட்டுப் பழைய டெஸ்டிங் மேஜைக்குப் போனேன். முதல் போன் வந்தது. ஆன் செய்தேன். கேமரா திறந்தது. கடிகாரம் திறந்தது. கடையைத் தொட்டேன். பளிச்சென்று திறந்தது. 'பாஸ்' அழுத்த வேண்டும். கை போகவில்லை. அந்தத் திரையை உடைத்து நொறுக்க வேண்டும்போல உடம்பெல்லாம் கொதித்தது. எனக்குப் பின்னால் போன்கள் சேர ஆரம்பித்தன.

சூப்பர்வைசர் யாக்கோபு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, வந்த மொத நாளே லைன் நிக்குது? போன்ல எதனா கோளாறா?"

"போன்ல ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு 'பாஸ்' அழுத்தினேன்.

அன்று ஷிப்ட் முடிவதற்குள் அறுநூற்று நாற்பது போன்களில் அவன் கடையைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று என் கையாலேயே அனுப்பிவைத்தேன்.