சுதீரின் கார்டில் நின்றவன்

கால்பந்து லீக் தொடங்கும் வாரத்தில் பஜார் யுனைட்டட் கிளப்பின் கோல் காக்கும் கோலி சுதீர் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். புது ஆளைப் பதிவு செய்யும் தேதி முடிந்திருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் இதற்கெல்லாம் யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அடிபட்டவனின் ஆட்டக்காரர் பதிவுக் கார்டு இருக்கிறது, அந்தக் கார்டில் வேறொருவனை இறக்கிவிட்டால் தீர்ந்தது. எல்லாக் கிளப்பும் செய்வதுதான். கேட்டால் எல்லாக் கிளப்பும் இல்லையென்று சத்தியம் செய்யும்.

இறக்கப்பட்டவன் சுடலைமணி. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், ஊர் டீமில் கோலியாக நின்றவன், சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பிடித்து வந்தவர் கிளப் செயலாளர் விஸ்வேஸ்வரன். ஜூ டவுனில் மிளகு வியாபாரம், தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். சுதீர் அவருடைய தங்கை மகன்.

"ஏலூர்ல ஒரு கம்பெனி டீமுக்கு கோலி வேணுமாம். லீக்ல பெஸ்ட் கோலின்னு யார் பேர் வரதோ அவனுக்கு நிரந்தர ஜோலி. நீ நன்னா நின்னாப் போரும். பேரெல்லாம் நான் நேர்ல போய்ச் சரியாக்கறேன், கேட்டியா?"

"சரி சேட்டா" என்றான் சுடலைமணி.

அந்தச் 'சரி'க்காக அவனை என்ன திட்டினாலும் தகும். ஆனால் நாள் முழுக்கக் கொதிக்கும் கல்லின் முன்னால் நிற்கிறவனிடம் கம்பெனி வேலை, குவார்ட்டர்ஸ் என்று ஒருவர் சொன்னால் அவன் வேறென்ன சொல்வான்? கார்டில் இருந்த பழைய போட்டோவுக்கு ஏற்ப தாடி வளர்த்தான். 'சுதீர்' என்று கூப்பிட்டால் திரும்பப் பழகினான். அவனுடைய சொந்தப் பெயர் மைதானத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. கையுறை வாங்கிய அன்றே மணிக்கட்டுப் பட்டையின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைத்திருந்தான்.

அவன் நின்றதைப் பற்றி விஸ்வேஸ்வரனே பொய் சொல்ல முடியாது. பிரமாதமாக நின்றான். பெயர் விஷயத்தை மட்டும் மனைவி மகாவிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. மேட்சுக்கு வராதே என்று மட்டும் சொல்லியிருந்தான். கடைசி மேட்சன்று இறால் கம்பெனியில் அவளுக்கு லீவு. சொல்லாமல் வந்துவிட்டாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம் எதிரணிக்குப் பெனால்டி. சுடலைமணி வலப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். "சுதீரே! சுதீரே!" என்று கூட்டம் எகிறிக் குதித்தது. மகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அது சுதீரு இல்ல! எம் புருசன், சுடலைமணி!" என்று பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் எதிரணி மேனேஜர்.

விசில் ஊதியதும் அவர் லீக் அதிகாரியை இழுத்துக்கொண்டு வந்தார். மகாவையும் மைதானத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அங்கே நின்ற பாதிப் பேருக்கு உண்மை தெரியும், ஒருவர் வாயும் திறக்கவில்லை. அதிகாரி கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"பேரு?"

"சுதீர்."

"ஈ ஸ்த்ரீயெ அறியுமோ?" என்று மகாவைக் காட்டிக் கேட்டார்.

விஸ்வேஸ்வரன் அவன் தோளில் கை வைத்தார். "ஏலூர நெனச்சுக்கோ" என்றார் காதோரம்.

"அறியில்லா சாரே" என்றான் சுடலைமணி.

மகா அவனைப் பார்த்தாள். அந்த அளவு மலையாளம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"தூரத்துல பாத்தேன் சார். ஆளு மாறிப்போச்சு" என்றாள்.

கூட்டம் சிரித்தது. "இங்க வேற யாராவது ஒம் புருஷனான்னு நன்னாப் பாரு" என்றார் விஸ்வேஸ்வரன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தாள்.

வீட்டில் அவள் சோறு போட்டாள். "வேல கெடைக்கட்டும் மகா, எல்லாஞ் சொல்லுதேன்" என்றான். அவள் ரசத்தை ஊற்றினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஸ்வேஸ்வரன் லட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"பெஸ்ட் கோலி நம்ம சுதீர்தான். ஆர்டர் வந்தாச்சு. முழங்காலும் நேராயிடுத்து, நாளைக்கே ஜாயின் பண்றான்."

"சேட்டா, அந்த வேல எனக்குன்னு…"

"கார்டுல யார் பேரு? அன்னிக்கு அதிகாரி முன்னாடி நீ என்ன பேரு சொன்னே? இனி மாத்திச் சொன்னா ஒன்னத்தான் வெலக்குவா, ஒரு கிளப்பும் சேத்துக்காது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தக் கையுறையக் கொஞ்சம் தா. டீம் போட்டோ எடுக்கறா. அவனோடது பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

சுடலைமணி எழவில்லை. தரையைப் பார்த்திருந்தான். மகாதான் உள்ளே போய்க் கையுறைகளை எடுத்துவந்தாள். அவள் துவைத்துக் காயவைத்தவை.

"உள்ள ஒரு பேரு எழுதியிருக்கு. நான் தேச்சுப் பாத்தேன், போகல" என்றாள்.

விஸ்வேஸ்வரன் பட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். "போட்டோல தெரியாது."